இரத்தக் கொதிப்பும் மருந்துக் கடையும்

திருச்செந்தூர்க் கோவிலில் பன்னீர் இலையில் வைத்துக் கொடுக்கும் விபூதி எந்த நோயையும் தீர்க்குமென்று நம்பி வாங்கிப் போகின்றவர்கள் அநேகர். அவர்கள் சங்கதி இன்று நமக்கு வேண்டாம். காசு கொடுத்து மருந்துக் கடையில் மாத்திரை வாங்குகின்றவர்களும் அந்த மாத்திரையை விபூதியைப் போலவே நடத்துகின்றார்களே, அதுதான் நமக்குக் கவலையாயிருக்கின்றது. தலை சுற்றினால் ஒன்று போட்டுக்கொள்ளுவது, சுற்றல் நின்றால் நோயும் தீர்ந்ததென்று நிறுத்திவிடுவது. இதற்குப் பெயர் வைத்தியமா என்று கேட்கின்றோம்.

இரத்தக் கொதிப்பு பெரும்பாலும் வலிக்காது; ஒரு அடையாளமும் காட்டாது. வெவ்வேறு நாட்களில் பார்த்தும் மேல் அளவு 140 அல்லது கீழ் அளவு 90, அதற்கு மேலும் நின்றால் கொதிப்பு என்பது வைத்தியர்கள் கணக்கு. கவனியாமல் விட்டால் மூளையிலும் இருதயத்திலும் சிறுநீரகத்திலும் கைவைத்துவிடும்.

டாக்டரை இரண்டு மூன்று மாதத்திற்கு ஒரு தரம் பார்க்கின்ற நோயாளி, மருந்துக் கடைக்காரரை மாதந்தோறும் பார்க்கின்றான். ஆகவே, "சென்ற மாதம் ஏன் வரவில்லை?" என்று கேட்கக்கூடியவர் அவர் ஒருவரே. அம்லோடிபின் சாப்பிடுகின்றவர்களில் சிலருக்குக் கால் வீங்கும். எனாலபிரில் சாப்பிடுகின்றவர்களில் சிலருக்கு வறட்டு இருமல் வரும். முன்னவர் பயந்து மாத்திரையை நிறுத்திவிடுகின்றார். பின்னவரோ அதே கடைக்கு வந்து இருமல் மருந்து கேட்கின்றார்! கடைக்காரரும் சந்தோஷமாய் ஒரு பாட்டிலை எடுத்து நீட்டுகின்றார். இருமலுக்குக் காரணம் தாம் கொடுத்த மாத்திரையாயிருக்கலாமென்று அறிந்து, மருந்தை மாற்றிக்கொள்ளும்படி டாக்டரிடம் அனுப்புகின்றவரல்லவா மருந்தாளுநர்? முழங்கால் வலிக்குக் கேட்டவுடன் கொடுக்கின்ற டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகள் கொதிப்பை ஏற்றக்கூடியவை என்பதையும் அவரல்லவா சொல்ல வேண்டும்?

நோயாளியை ஐந்து நிமிஷம் உட்கார வைத்து, கருவியைக் கட்டிப் பார்த்து, அளவைச் சீட்டில் குறித்துக் கொடுப்பது பெரிய வித்தையல்ல. உப்பைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லலாம். நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஆறுமுகநேரி உப்பளத்தைப் பார்த்துக்கொண்டே கருவாட்டுக் குழம்பு சாப்பிடுகின்ற நம்மவர்களுக்கு இது கசப்பாய்த்தானிருக்கும்.

2021 ஆகஸ்டு 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் கொதிப்பு மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோயிற்று. 2025 பிப்ரவரி 24-ல் ஆயிரம் முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. மலிவாய் மருந்து கிடைப்பது நல்ல காரியமே. ஆனால் மருந்து கைக்கு வருவது ஒன்று, அது தவறாமல் வயிற்றுக்குள் போவது வேறொன்று. பின்னதைப் பார்க்க ஆள் வேண்டும்.

அந்த ஆள் எங்கே? 1948-ம் வருஷத்துப் பார்மசி சட்டம், டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுப்பவர் பதிவு செய்துகொண்ட மருந்தாளுநராயிருக்க வேண்டுமென்கின்றது. பல கடைகளில் அவருடைய சான்றிதழ் மட்டும் சுவரில், சுவாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்குகின்றது. இரண்டும் வாய் திறப்பதில்லை. மாத்திரையை எடுத்துக் கொடுப்பவனோ வேலைக்கு வந்து ஆறு மாதமான பையன்.

திருச்செந்தூர்த் தோழர்கள் அடுத்த முறை மாத்திரை வாங்கப் போகும்போது, சான்றிதழுக்குரியவர் எங்கேயென்று முதலில் கேட்கட்டும். அவர் இருந்தால், சென்ற மாதத்து அளவுக்குக் கீழே இந்த மாதத்து அளவையும் எழுதி வாங்காமல் படியிறங்க வேண்டாம்.