கூவம் ஒரு கெட்ட வார்த்தையா?

பி.காம் முதல் நாள் வகுப்பு. எல்லோரும் எழுந்து பேரும் ஊரும் சொல்ல வேண்டும். பின்வரிசையில் ஒருத்தன் எழுந்து பேரைச் சொல்லிவிட்டு, "சொந்த ஊர் கூவம் சார்" என்றான். அவ்வளவுதான், மொத்த வகுப்பும் சிரித்தது. நாலைந்து பேர் மூக்கைப் பிடித்துக் கொண்டார்கள். (அதில் நானும் ஒருத்தன்.) அன்றிலிருந்து மூன்று வருஷமாக அவன் பட்டப்பெயரே கூவம்தான்.

சென்னையில் கூவம் என்பது ஆற்றின் பேராகவா இருக்கிறது? அது ஒரு திட்டு. வாய் நாறினாலும் கூவம், அரசியல் நாறினாலும் கூவம்.

போன பொங்கல் லீவில் அவன் ஊருக்குப் போனேன். கடம்பத்தூர் வரை ரயில், அப்புறம் பஸ். நிஜமாகவே ஊர், நிஜமாகவே பேர் கூவம்! பெரிய ஏரி இருக்கிறது. அது நிரம்பி வழிகிற தண்ணீரும், கேசாவரம் அணைக்கட்டில் கொசஸ்தலையாற்றிலிருந்து பிரிகிற தண்ணீரும்தான் ஆறாக நம்ம ஊருக்கு வருகிறது. ஞானசம்பந்தர் பாடிய திருவிற்கோலம் கோயிலும் அங்கேதான். திரிபுரத்தை எரிக்கப் போன சிவனின் தேர் அங்கே உடைந்ததாம். தேரின் கூவரம், அதாவது ஏர்க்கால், முறிந்த இடம் என்பதால் கூவம் ஆனது என்று தலபுராணம் சொல்கிறது.

அகராதி வேறு கதை சொல்கிறது. கூவம் என்றால் கிணறு. கூவல் என்று சங்கப் பாட்டிலேயே வருகிறது. ஐங்குறுநூற்றில் ஒரு தலைவி, தன் காதலன் ஊரில் தழை மூடிய கூவலில் மான் குடித்து மிச்சம் வைத்த கலங்கல் தண்ணீர், தேன் கலந்த பாலைவிட இனிக்கிறது என்கிறாள். புராணமோ அகராதியோ, எது சரியாக இருந்தாலும் சாக்கடை என்ற அர்த்தம் எங்கேயும் இல்லை. அதை அந்தப் பேருக்குக் கொடுத்தது நாம்தான்.

எங்கள் பாடத்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. 1734ல் நெசவாளர்களைக் குடியேற்ற கம்பெனிக்காரர்கள் தேர்ந்தெடுத்த இடம் கூவம் வளைந்து போகிற ஒரு கரை. சின்ன தறிப் பேட்டை, இன்றைய சிந்தாதிரிப்பேட்டை. துணி வெளுக்க நல்ல தண்ணீர் வேண்டுமே! அன்றைக்கு இந்த ஆறு வியாபாரத்தின் முதலீடு. 1973ல்கூட இதில் படகு விட்டார்கள்.

இன்றைக்கு? ஆறு குளிக்கிற தரத்தில் இருக்க வேண்டுமானால் பி.ஓ.டி. அளவு லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குள் இருக்கணும். ஆவடியிலிருந்து சத்யா நகர் வரை கூவத்தில் 345 என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2022 அறிக்கை சொல்கிறது. நூறு மடங்குக்கு மேல்! ஆவடிக்கு மேலே இருக்கிற அவன் ஊருக்கும் இந்த நாற்றத்துக்கும் என்ன சம்பந்தம்? மழை இல்லாத மாதங்களில் நகரத்துக்குள் ஓடுவது பெரும்பாலும் நம்ம வீட்டுக் கழிவுதான்.

அக்கவுண்டன்சியில் ஒரு தப்பு உண்டு. ஒருவர் கணக்கில் எழுத வேண்டிய பற்றை இன்னொருவர் கணக்கில் எழுதிவிடுவோம். ட்ரையல் பேலன்ஸ் கச்சிதமாக டேலி ஆகும். தப்பு வெளியே தெரியாது. கூவத்தில் நாம் செய்வது அதுதான். 2015ல் சுமார் 600 கோடி ரூபாயில் சீரமைப்புத் திட்டம் வந்தது. அதில் நம் கண்ணுக்கு முதலில் தெரிந்தது கரையோரக் குடிசைகள். அங்கிருந்த குடும்பங்களைப் பெரும்பாக்கம் போன்ற இடங்களுக்கு அனுப்பினார்கள். வேலையும் பள்ளிக்கூடமும் நகரத்துக்குள், வீடு எங்கேயோ! கழிப்பறை இல்லாத குடிசையிலிருந்து அழுக்கு ஆற்றில் கலந்தது உண்மை. வெள்ளத்தில் முதலில் மூழ்குவதும் அவர்கள்தான், அதுவும் உண்மை. ஆனால் மழைநீர் வடிகாலில் திருட்டுத்தனமாகக் கழிவுநீர் இணைப்பு கொடுத்த மாடிவீடும் ஹோட்டலும் அதே இடத்தில்தான் இருக்கின்றன. குடிசை போன பிறகும் நாற்றம் போகவில்லையே, ஏன்? பற்று தப்பான கணக்கில் இருக்கிறது நண்பர்களே.

கரையை அழகுபடுத்துவதற்கு முன்னால் ஒவ்வொரு குழாயும் எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்று பார்த்து, அடைத்து, அந்தத் தெருக்காரர்களிடம் செலவை வசூல் பண்ண வேண்டும். அந்தத் தெரு என் தெருவாக இருந்தாலும்தான். எங்கள் அபார்ட்மெண்ட் கழிவு எங்கே போகிறது என்று செகரட்டரியிடம் கேட்டேன். "ஏன் தம்பி, உனக்குப் பரீட்சை இல்லையா?" என்றார் :-)

பரீட்சை அடுத்த மாசம். அது முடிந்தால் ஆளுக்கொரு திசை. அதற்குள் அவனை ஒரு தடவையாவது சொந்தப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அவன் ஊர்ப் பேரை அசிங்கம் பண்ணியது நாங்கள்தானே.