பைத்தான் படிக்க 55 ஆயிரம் ரூபாய் லேப்டாப் வேண்டுமா?

கொஞ்சம் நீளமான பதிவு. சிறுசேரி, ஓஎம்ஆர் பக்கம் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பிள்ளைகள் கட்டாயம் படிக்கவும்.

போன வாரம் என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்த பையன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். பையன் என்கிறேன், அவனுக்கே 40 தாண்டிவிட்டது. கடலுக்குப் போகிறவன். மகள் பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். "டீச்சர், பழைய லேப்டாப் ஆகாதாம். புதுசு 55 ஆயிரமாம். அவ அம்மா சங்கிலிய வெச்சிடலாம்னு பாக்குறேன்" என்றான்.

பழையது என்றால், அவள் அண்ணனுக்கு அரசாங்கம் கொடுத்த இலவச லேப்டாப். 4 ஜிபி. கம்பெனியில் வேலை பார்க்கும் சொந்தக்காரர் ஒருவர் நல்ல எண்ணத்தில்தான் அதில் பைசார்ம் போட்டுக் கொடுத்திருக்கிறார். அது திறப்பதற்குள் டீ போட்டுக் குடித்துவிடலாம். அதைச் செய்தவர்களே 8 ஜிபி இருந்தால் நல்லது என்கிறார்கள். அந்தப் பெண்ணோ, தனக்குத்தான் கம்ப்யூட்டர் வரவில்லை, வேறு குரூப் எடுத்திருக்கலாம் என்று அழுதிருக்கிறாள். எனக்குப் பணத்தைவிட அதுதான் மனதை அறுத்தது.

நான் டீச்சர் டிரெய்னிங் படித்து ஆரம்பப் பள்ளியில் பாடம் எடுத்தவள். உனக்கென்ன தெரியும் என்று கேட்கலாம். அவளுடைய பாடப்புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தேன். அதில் சொல்லியிருப்பதே ஐடில்தான்! பைத்தானை நிறுவினாலே கூட வந்துவிடும். நிரலை எழுத, ஓட்ட, தப்பைப் பார்க்க ஒரே இடம். ஒரு வரி அடித்தால் உடனே விடை. நீளமாக எழுதினால் கோப்பில் சேமித்து எஃப்5 தட்ட வேண்டும். பைத்தானில் வரியை எங்கே உள்ளே தள்ளி எழுதுகிறோம் என்பதே இலக்கணம். முக்காற்புள்ளி வைத்து என்டர் தட்டினால் ஐடில் தானாகவே அடுத்த வரியைத் தள்ளிக் கொடுக்கிறது. பழைய விண்டோஸ் 7 இருந்தால் பைத்தான் 3.8 வரைதான் ஏறும். பிளஸ் டூவுக்கு அது தாராளம்.

என் தங்கை மகன் வந்து பைசார்மை எடுத்துவிட்டு இதைப் போட்டுக் கொடுத்தான். "பெரியம்மா, இப்பல்லாம் யாரு ஐடில்ல எழுதுறா? விஎஸ் கோட்தான்" என்று சிரித்தான். சிரிக்கட்டும். பாதி வார்த்தை அடிப்பதற்குள் மீதியை அதுவே எழுதிக் காட்டுவது வேலைக்குப் போனவனுக்கு வசதி. பரீட்சையில் இவள் தாளில் பேனாவால் எழுத வேண்டும். முக்காற்புள்ளியை மறந்தால் அங்கே யார் எடுத்துக் கொடுப்பார்கள்? நாலு கோடு நோட்டு முடிக்காதவனுக்கு நான் பேனா கொடுத்ததில்லை, உங்களுக்கே தெரியும்.

ஐடிலில் ஒரு குறையும் உண்டு. தப்பு எந்த இடத்தில் நடந்தது என்று சின்னப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி காட்டாது. அதற்கு தானி என்று ஒன்று இருக்கிறது, எஸ்டோனியா நாட்டின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் கற்பவர்களுக்காகவே உருவாக்கியது. இலவசம். நிரலை ஒவ்வொரு படியாக ஓட்டி, எந்த மாறியில் இப்போது என்ன மதிப்பு என்று பக்கத்திலேயே காட்டும். அவள் பக்கத்தில் உட்கார்ந்து 16ஆம் வாய்ப்பாட்டை அதில் ஓடவிட்டுப் பார்த்தேன். மாறிக்கு 'எண்' என்று தமிழிலேயே பெயர் வைத்தோம், ஏற்றுக்கொண்டது. அறுபதைத் தாண்டிய எனக்கே புரிந்தது.

விஎஸ் கோட், பைசார்ம் எல்லாம் அவள் கல்லூரிக்குப் போய்ப் பழகிக்கொள்ளட்டும். ஊரில் பிள்ளைகள் வழி கேட்டால், உங்கள் ஆபீஸில் என்ன இருக்கிறது என்று சொல்லாதீர்கள். முதலில் அந்தப் பிள்ளையின் லேப்டாப்பைத் திறந்து பாருங்கள்.

சங்கிலி இன்னும் அவள் அம்மா கழுத்தில்தான் இருக்கிறது. அவள் தெருவில் இதே மாதிரி பழைய லேப்டாப் இன்னும் மூன்று இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வருகிறவர்கள் யாராவது பைத்தானையும் தானியையும் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வாருங்கள். மதியம் சாப்பாடு இங்கேதான்.