ஜீப்பை விட்டுக் கொஞ்சம் இறங்குங்க!

2024 நாடாளுமன்றத் தேர்தல் சமயம். விம்கோ நகர் ரயில் நிலையத்துக்கு வெளியே ஒரு டீக்கடை. காலை ஏழு மணிக்கே கடை ரெண்டுபட்டுக் கிடந்தது. முந்தின ராத்திரி ஒரு சேனலில் வடசென்னைத் தொகுதி பற்றி விவாதமாம். கரை வேட்டித் தம்பி ஒருவர், முப்பது வயதிருக்கும், செல்போனை எல்லோர் முகத்துக்கு நேராகவும் நீட்டிக்கொண்டிருந்தார்.

"பாருங்க சார், நம்மாளு எப்படிப் பிரிச்சு மேஞ்சிட்டாரு! அவங்க மூஞ்சில ஈயாடல!"

அரை நிமிட வீடியோ. கட்சி வாட்ஸ்அப் குழுவில் விடியற்காலையிலேயே வந்துவிட்டதாம். கூடவே ஒரு கட்டளை: 'விவாதத்தில் நமக்கே வெற்றி. எல்லோரும் ஸ்டேட்டஸ் வைக்கவும். மாலை ஆறு மணிக்குத் தெருமுனையில் திரளவும்.'

"சந்தோஷம் தம்பி. எண்ணூர் எண்ணெய் பத்தி என்ன சொன்னாரு?"

கொஞ்சம் யோசித்தார். "அது பிரேக்குக்கு அப்புறம்னாங்க சார். அதுக்குள்ள சண்டை ஆயிடுச்சு."

நான் பி.காம். படித்தவன். யாராவது 'லாபம்' என்றால், எந்தக் கணக்கில் வரவு வைத்தாய் என்று கேட்கிற புத்தி போகமாட்டேன் என்கிறது. தம்பியின் வெற்றியையும் அப்படிப் பார்க்கலாமா?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய், எண்ணூர் கழிமுகத்தில் படிந்தது. படகு, வலை, அலையாத்தி மரம், பெலிக்கன் பறவை எல்லாம் ஒரே கறுப்பு. அரசு நிவாரணம் அறிவித்தது. 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், பாதிக்கப்பட்ட இன்னும் 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500, படகு ஒன்றுக்கு 10,000. வெள்ள நிவாரணம் 6,000 தனி. அந்த 12,500-ஐத் தேர்தல் வரையிலான நாலு மாதத்துக்கு வகுத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு நூற்றிச் சொச்சம். அதே டிசம்பர் 26-ம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஜனம் ஓடியது.

இதெல்லாம் நடந்து நாலே மாதத்தில் ஓட்டுப்பதிவு. ஒரு மணி நேர விவாதத்தில் இதற்கு ஒரு நிமிடம் இல்லை. அப்புறம் என்னத்தை ஜெயித்தீர்கள் தம்பி?

அதைவிட வேடிக்கை, பிரித்து மேய்ந்த அந்த 'நம்மாளு' வேட்பாளரே இல்லை. செய்தித் தொடர்பாளர். அவரிடம் கேட்டால், நாளைக்கு எம்.பி.யாகப் போகிறவர் பதில் சொல்லியதாக ஆகுமா? அவர் அந்த நேரத்தில் திறந்த ஜீப்பில் கும்பிட்டபடி போய்க்கொண்டிருந்திருப்பார்.

எந்தக் கட்சியும் இதில் யோக்கியம் இல்லை. இத்தனை தேர்தல்களில் எதிரெதிராக நின்ற கருணாநிதியும் ஜெயலலிதாவும் ஒரு தடவைகூட டி.வி.யில் நேருக்கு நேர் உட்கார்ந்து விவாதித்ததில்லை. டெல்லி மட்டும் ஒசத்தியா? 2024 மே மாதம் ஓய்வுபெற்ற நீதிபதிகள் மதன் லோகூர், ஏ.பி.ஷா, பத்திரிகையாளர் என்.ராம் மூவரும் மோடியையும் ராகுல் காந்தியையும் பொது விவாதத்துக்கு அழைத்தார்கள். ராகுல் சரியென்றார். பா.ஜ.க. தரப்பிலிருந்து, இளைஞரணித் துணைத் தலைவரை அனுப்புகிறோம் என்று பதில் வந்தது! பந்திக்கு மாப்பிள்ளையைக் கூப்பிட்டால் பங்காளி பையனை அனுப்புகிற கதை.

விவாதம் நடக்கிற ஊரில் தொண்டன் என்ன செய்கிறான்? அதே 2024, ஜூன் 27. அட்லாண்டாவில் பைடனும் டிரம்ப்பும் மோதிய விவாதத்தில் பைடன் தடுமாறினார். பாதி வாக்கியத்தில் பேச்சு எங்கோ போய்விட்டது. மறுநாளே ராலே நகரில் கூட்டம் போட்டு ஆட்களைத் திரட்டி, கைதட்ட வைத்தார்கள். 'ஒரே ஒரு ராத்திரிதானே சறுக்கினார்' என்று சமாளித்தார்கள். ஆனால் கைதட்டியதோடு அந்தக் கட்சி வீட்டுக்குப் போய்விடவில்லை. சொந்தக் கட்சி எம்.பி.க்களே, பணம் கொடுத்தவர்களே, 'பெரியவரே, உங்களால் முடியாது' என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். 24 நாளில், ஜூலை 21-ல், அவர் போட்டியிலிருந்து விலகினார். நவம்பரில் அந்தக் கட்சி தோற்றதே என்பீர்கள். தோற்றதுதான். ஆனால் கண்ணால் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று அவர்கள் சாதிக்கவில்லை. இங்கே 'தலைவர் தடுமாறிட்டாரு' என்று ஒரு வட்டச் செயலாளர் சொல்லிப் பார்க்கட்டும். சாயங்காலத்துக்குள் அவர் 'அடிப்படை உறுப்பினர் உள்ளிட்ட அனைத்துப் பொறுப்புகளிலிருந்தும்' காலி!

நம்ம ஊருக்கு இதெல்லாம் ஒத்துவராது என்று யாரும் சொல்லாதீர்கள். விம்கோ நகரில் ரயில் ஏறி பீச் ஸ்டேஷனில் இறங்கினால், கொஞ்ச தூர நடையில் பழைய சட்டக் கல்லூரிக் கட்டடம். 1943 பிப்ரவரி 9-ம் தேதி அங்கேதான் அண்ணாவும் ரா.பி.சேதுப்பிள்ளையும் கம்பராமாயணத்தைக் கொளுத்தலாமா கூடாதா என்று ஒரே மேடையில் மோதினார்கள். அடுத்த மாதம் சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாரோடு. எதிராளி பேசும்போது அண்ணா கேட்டுக்கொண்டிருந்தார், பதில் சொன்னார். அந்தப் பேச்சுகள் 'தீ பரவட்டும்' என்று புத்தகமாகவும் வந்தன. அவர் பெயரைச் சொல்லி ஓட்டுக் கேட்கிற கட்சிகளின் வேட்பாளர்களுக்கு இன்று எதிராளியின் பக்கத்தில் நாற்காலி போட்டால் கூசுகிறது.

பேச ஜனங்களுக்குத் தெரியாதா? 2024 டிசம்பரில் எர்ணாவூரில் அனல் மின் நிலைய விரிவாக்கத்துக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. மைக் கிடைத்ததும் சாம்பலையும் மூச்சுத்திணறலையும் அவர்கள் சொன்ன வேகத்தில், ஸ்டூடியோவில் கோட்டு போட்டவர் எவருக்கும் பேச வராது.

அதனால்தான் தம்பியிடம் சொன்னேன். "சாயங்காலம் தெருமுனையில ஐம்பது பேரைத் திரட்டப் போறீங்க இல்ல? திரட்டுங்க. அந்த ஐம்பது பேரும் உங்க வேட்பாளரையே வழிமறிங்க. எதிர்க்கட்சிக்காரரையும் அதே டீக்கடைக்குக் கூப்பிடுங்க. ஆளுக்குப் பத்து நிமிஷம். எண்ணெய், அமோனியா, சாம்பல், மூணே கேள்வி. சால்வைக்குச் செலவாகிற காசில் பாதிகூட ஆகாது."

தம்பி டீ கிளாஸைக் கீழே வைத்தார். செல்போனை அணைத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

"கேக்கலாம் சார். எங்க அப்பாவும் கழிமுகத்துல இறால் பிடிக்கிறவர்தான்" என்றவர், ரோட்டைப் பார்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். "ஆனா அவரை ஜீப்பை விட்டு எறக்கறது யாரு?"