விளையாட்டு வினையாகலாமா?

விளையாட்டு வினையாகும் என்பது நம் முன்னோர் வாக்கு. பிள்ளைகளின் குறும்பைக் கண்டிக்கவே பெரியோர் இதனைச் சொல்லி வந்தனர். இன்றோ விளையாட்டு வினையாவதற்குப் பிள்ளை குறும்பு செய்யவேண்டியதில்லை. விளையாட்டுச் சாமானே வினையைத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டு கப்பலேறி வருகின்றது. துறைமுகத்தில் இறங்கி, மொத்த வியாபாரியின் கை மாறி, மலை கடந்து, கடைசியாகக் கிராமத்துச் சந்தையில் ஏழைத் தாயின் கைக்கு வந்து சேருகின்றது. அதனைச் சோதிக்கும் பொறுப்பும் அந்தத் தாயின் தலையிலேயே சுமத்தப்பட்டிருக்கின்றது. இது நீதியா என்பதே யாம் இன்று எழுப்பும் கேள்வி.

மாத்தளை மாவட்டத்தின் கிழக்கே, நக்கிள்ஸ் மலைத்தொடருக்கு அப்பால் உள்ளது பல்லேகம. களு கங்கை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய ஊரை விட்டுக்கொடுத்துப் புதிய நகரில் குடியேறிய மக்கள் வாழும் பகுதி அது. நாட்டுக்கு நீர் வேண்டும் என்றபோது தம் வீட்டையும் வாசலையும் துறந்த அந்த மக்கள், தம் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று கேட்டால் அதனை மிகையான கோரிக்கை என்று எவரும் தள்ளிவிட முடியாது. இத்தகைய ஊர்களின் சந்தைகளிலே படங்கின்மேல் பரப்பி விற்கப்படும் சாமான்களைப் பாருங்கள். ஒளிவிடும் வாள், பாட்டுப் பாடும் தொலைபேசிப் பொம்மை, மின்னிக்கொண்டே சுழலும் பம்பரம், மினுங்கும் நிறம் பூசிய மோட்டார் வண்டி! உறையைப் புரட்டினால் சீன எழுத்து, அல்லது ஆங்கிலம். சிலவற்றில் எழுத்தே இல்லை.

ஒளியும் பாட்டும் எங்கிருந்து வருகின்றன? சட்டைப் பொத்தானைப் போன்ற சிறிய வட்டமான பற்றரியிலிருந்து. இதுவே இன்று நாம் முதன்முதலாக அறிந்துகொள்ளவேண்டிய அபாயம். குழந்தை அதை விழுங்கிவிட்டால், அது உணவுக்குழாயில் சிக்கி நிற்கக்கூடும். அங்குள்ள ஈரம் மின்னோட்டத்துக்கு வழிசெய்கின்றது. பற்றரியின் ஒரு புறத்தில் கடுங்காரம் உண்டாகித் தசையை அரிக்கத் தொடங்குகின்றது. பற்றரி உடைந்து ஒழுகவேண்டும் என்பதில்லை. இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே கடுமையான புண் ஏற்பட்டுவிடும் என்பது மருத்துவர்கள் கண்ட உண்மை. பின்னர் அப்புண் மூச்சுக்குழாயையோ பெரிய இரத்தக் குழாயையோ துளைத்துவிட்டால் உயிருக்கே இறுதி. ஏறத்தாழ 20 மில்லிமீற்றர் அகலமுள்ள லிதியம் பற்றரியே இவற்றுள் மிகக் கொடியது.

இரண்டு மணித்தியாலம் என்பதைப் பல்லேகமவில் இருந்துகொண்டு எண்ணிப் பார்க்க வேண்டும். சிக்கிய பொருளை உணவுக்குழாயினுள் கருவி செலுத்தி எடுக்கும் வசதி பெரிய வைத்தியசாலைகளுக்கே உரியது. றிவஸ்ற்றன் மலையைச் சுற்றிக்கொண்டு இலுக்கும்புர, றத்தோட்டை வழியாக மாத்தளைக்கு இறங்கவேண்டும். பனியும் மழையும் மூடும் நாளில் அப்பாதையை அந்த நேரத்துக்குள் கடந்துவிடலாம் என்று எவரால் உறுதி கூற முடியும்? கொழும்பில் உள்ள பிள்ளைக்கும் பல்லேகமவில் உள்ள பிள்ளைக்கும் பற்றரி ஒன்றுதான். வைத்தியசாலையின் தூரம் ஒன்றன்று. ஆகையால், வந்தபின் காத்தல் என்னும் வழி கிராமத்துக்குப் போதாது. வருமுன் காத்தலே வழி.

தாய்மாரே, தந்தைமாரே! பற்றரி வைக்கும் மூடியைப் பாருங்கள். திருகாணி கொண்டு இறுக்கப்பட்டிருக்க வேண்டும். நகத்தால் நெம்பினாலோ தரையில் விழுந்தாலோ திறந்துகொள்ளுமாயின், அச்சாமான் உங்கள் வீட்டு வாசலைத் தாண்டக்கூடாது. பிள்ளை பற்றரியை விழுங்கியிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தாலே போதும், உடனே வைத்தியசாலைக்குப் புறப்படுங்கள். முதலில் சளி, உமிழ்நீர் வடிதல், உணவை மறுத்தல் என்பவை மட்டுமே தோன்றலாம்; ஒன்றுமே தோன்றாமலும் இருக்கலாம். வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். ஒரு வயதைக் கடந்த பிள்ளையாய், விழுங்கிப் பன்னிரண்டு மணித்தியாலம் ஆகாததாய், விழுங்கும் நிலையில் உள்ளதாய் இருந்தால், போகும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டி தேன், ஆறு முறைக்கு மேற்படாமல் கொடுக்கலாம் என்று நஞ்சுத் தடுப்பு வல்லுநர் கூறுகின்றனர். தேன் தேடுவதற்காகப் பயணத்தைத் தாமதிக்கலாகாது.

அடுத்தது காந்தம். ஒன்றுக்கு மேற்பட்ட காந்தத் துண்டுகளை விழுங்கிய பிள்ளையின் வயிற்றில், அவை குடலின் இரு மடிப்புகளை இடையிலே நசுக்கிக்கொண்டு ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன, குடல் துளைபடுகின்றது. 2007 ஆம் ஆண்டில் மற்றெல் என்னும் அமெரிக்க நிறுவனம் காந்தம் கழன்றுவிடும் காரணத்தால் ஏறக்குறைய 1 கோடி 80 இலட்சம் சாமான்களை உலகெங்கிலுமிருந்து மீளப் பெற முற்பட்டது. செய்த இடம் சீனம் என்பதால் பழியெல்லாம் சீனத்தின்மேல் விழுந்தது. ஆனால் காந்தக் குறை தம்முடைய வடிவமைப்பிலேயே இருந்தது என்று அந்நிறுவனத்தாரே பின்னர் ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தனர். ஆகவே பெரிய பெயரும் உயர்ந்த விலையும் பாதுகாப்புக்குச் சான்றாகா.

மூன்றாவது, தொண்டையை அடைக்கும் சிறு துண்டு. இதற்கு உலகநாடுகள் கைக்கொள்ளும் அளவு ஏறத்தாழ ஒன்றேகால் அங்குல அகலமுள்ள சிறு குழல். அத்தகைய குழலினுள் அழுத்தாமல் முழுவதும் அடங்கும் பொருள் எதுவும் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையின் கையில் இருக்கலாகாது. அந்த அகலமுள்ள மூங்கில் துண்டு ஒன்று வீட்டிலிருந்தால் சோதித்துவிடலாம். பொம்மையின் கண்ணை இழுத்துப் பாருங்கள். வண்டியின் சில்லைத் திருகிப் பாருங்கள். வெடித்த பலூனின் கிழிசலை உடனே அகற்றுங்கள். அது மூச்சுக்குழாயின் வாயில் ஒட்டிக்கொண்டால் எடுப்பது அரிது. நீரில் இட்டால் பருத்து வீங்கும் வண்ண மணிகளை வாங்கவே வேண்டாம். அவை வயிற்றினுள்ளும் வீங்கிக் குடலை அடைக்கும். தொட்டிலில் நீண்ட கயிறு கட்டிய சாமானைத் தொங்கவிடாதீர்கள்.

இவையெல்லாம் கண்ணாலும் கையாலும் அறியக்கூடியவை. ஆனால் கண்ணுக்குத் தெரியாத அபாயத்தை எந்தத் தாய் அறிவாள்? வண்ணத்தில் கலந்த ஈயம் அத்தகையது. பிள்ளை சாமானை வாயில் வைத்துச் சப்புகின்றது. உரிந்த பூச்சு வயிற்றுக்குள் போகின்றது. ஈயம் வளரும் மூளையைத் தாக்கி அறிவைக் குறைக்கின்றது. இன்ன அளவுவரை ஈயத்தால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. பளபளப்பைப் பார்த்து ஈயத்தைக் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு ஆய்வுகூடம் வேண்டும். ஆய்வுகூடம் அரசாங்கத்திடமே இருக்கின்றது. பல்லேகமச் சந்தையில் இல்லை.

இங்கேதான் சட்டம் என்ன செய்கின்றது என்ற வினா எழுகின்றது. வாங்குபவனே விழித்திரு என்பது பழைய வணிக நீதி. அதன் கடுமையை 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் ஓரளவு தணித்தது. ஆனால் அச்சட்டம் பேசுவது வாங்கியவனுக்கும் விற்றவனுக்கும் இடையேயான ஒப்பந்தத்தை. காயப்பட்ட குழந்தை அந்த ஒப்பந்தத்தில் ஒரு தரப்பே அன்று! கவனயீனத்துக்கு நட்டஈடு கோரலாம் என்றால், செய்தவன் கடலுக்கு அப்பால். விற்றவன் அடுத்த வாரம் வேறு சந்தையில். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் இதனினும் மேலானது. பொருளுக்குத் தரம் விதிக்கும் அதிகாரத்தை அது அதிகாரசபைக்கு வழங்கியது. கேட்டால் பற்றுச்சீட்டு கொடுப்பதை வணிகரின் கடமையாக்கியது. விதித்த தரத்துக்கு மாறான பொருளைப் பற்றி, வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிடவும் இடந்தந்தது. இவ்வுரிமைகளை மக்கள் பயன்படுத்தவேண்டும். பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள், உறையை எறிந்துவிடாதீர்கள், 1977 என்னும் இலக்கத்தில் அதிகாரசபையிடம் கூறுங்கள். எனினும் முறைப்பாடு என்பது தீங்கு வந்தபின் செய்வது. தீங்கு வராமற் காப்பது அரசின் கடன்.

அது இயலாத காரியமா? அன்று! ஈயத்தின் கதையே சான்று. சுற்றாடல் நீதி மையம் என்னும் அமைப்பு வண்ணப்பூச்சுகளைச் சோதிப்பித்து உயர் நீதிமன்றத்தை நாடியது. 2011 இல் வர்த்தமானி அறிவித்தல் வெளிவந்தது. 2013 ஜனவரி முதல் வண்ணப்பூச்சில், பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்களுக்குப் பூசும் வண்ணம் உட்பட, ஈயத்துக்கு எல்லை விதிக்கப்பட்டது. மக்கள் கேட்டார்கள், சட்டம் அசைந்தது. அண்டை நாடான இந்தியாவில் 2019 இல் வெளியான ஓர் ஆய்வு, சோதித்த இறக்குமதிச் சாமான்களில் மூன்றில் இரண்டு பங்கு தேறவில்லை என்று காட்டியது. அடுத்த ஆண்டே ஆணை பிறந்தது; 2021 ஜனவரி முதல் தர முத்திரையின்றி விளையாட்டுச் சாமான் விற்பது அங்கே குற்றம். அமெரிக்காவில் தொலைக்காட்சிக் கைக்கருவியின் பற்றரியை விழுங்கிய ஒன்றரை வயதுக் குழந்தை 2020 இல் மாண்டது. அக்குழந்தையின் தாய் ஓயாது போராடினார். 2022 இல் சட்டம் வந்தது. அதே ஆண்டில் ஆஸ்திரேலியாவிலும் பற்றரி மூடிக்கும் எச்சரிக்கைக்குமான கட்டாய விதி நடைமுறைக்கு வந்தது.

ஆகவே எமது கோரிக்கைகள் தெளிவானவை. வண்ணத்துக்கு விதித்த எல்லை போன்று, பற்றரி மூடி, காந்தம், சிறு துண்டு ஆகிய அனைத்துக்கும் கட்டாயத் தரம் வேண்டும். சோதனை துறைமுகத்திலேயே நடைபெறவேண்டும். அதிகாரசபையின் உத்தியோகத்தர்கள் நகரத்துக் கடைகளோடு நில்லாது கிராமத்துச் சந்தைக்கும் வரவேண்டும். குடும்ப நல மாதுகளும் முன்பள்ளி ஆசிரியைகளும் மேலே கூறிய சோதனைகளைத் தாய்மாருக்குச் செய்து காட்டவேண்டும். யாவற்றுக்கும் மேலாக, எச்சரிக்கை சிங்களத்திலும் தமிழிலும் பொறிக்கப்படவேண்டும்.

இறுதிக் கோரிக்கையை மொழிவெறி என்று எவரேனும் இகழ்வாராயின், அவருக்கு ஒன்று கூறுவோம். 1987 இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் அரசகரும மொழியாகும் என்றது. அலுவலகப் படிவத்துக்கு மட்டுமா அந்த மொழி? குழந்தையின் உயிரைக் காக்கும் வாசகத்துக்கு இல்லையா? படிக்க முடியாத மொழியில் எழுதிய எச்சரிக்கை இறக்குமதியாளனைக் காக்கும், பிள்ளையைக் காக்காது. இந்த விடயத்தில் றத்தோட்டைத் தோட்டத்துத் தமிழ்த் தாயும் லக்கலையின் சிங்களத் தாயும் ஒரே அநீதிக்கு உள்ளாகியிருக்கின்றனர். இருவரும் தத்தம் மொழியில் எழுத்தறிந்தவர்கள். அந்த உறையின் முன் இருவரும் எழுத்தறியாதவர்களாக்கப்படுகின்றனர்.

விலை ஏறிவிடும், சிறு வியாபாரி நசிந்துவிடுவான் என்று சிலர் கூறுவர். ஒரு திருகாணியின் விலை என்ன? இரண்டு வரி அச்சிடும் செலவு என்ன? சந்தை வியாபாரியின் வயிற்றில் அடிக்குமாறு யாம் கேட்கவில்லை. அவரும் பிள்ளை குட்டிக்காரர். தனக்குத் தெரியாத நஞ்சைத் தன் கையால் விற்கும் நிலையிலிருந்து அவரையும் விடுவிக்குமாறே கேட்கின்றோம். இந்திய ஆணை பதிவுபெற்ற கைவினைஞருக்கு விலக்களித்தது. நம் ஊர் மரப்பொம்மைத் தொழிலாளருக்கும் அவ்வாறே வழிசெய்யலாம்.

பிள்ளைகளுக்கு வாக்குரிமை இல்லை. அதனாலேயே அவர்களின் குறை எந்த மேடையிலும் ஒலிப்பதில்லை. வாக்குரிமை உள்ள நாம் அவர்களுக்காகக் கேட்போமாக! பிரதேச சபையிலே கேட்போம். பாராளுமன்றத்திலே கேட்கச் செய்வோம். சந்தையிலே மூடியைத் திறந்து பார்த்தும் கேட்போம். பல்லேகமவில் ஒரு பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு ஒரு தாய் மலைப்பாதையில் நிமிடங்களை எண்ணும் நாள் வருமுன், அரசாங்கத்தார் செயற்படுவார்களாக!