கூடத்தை அளந்து பெட்டியை வாங்குவோம்



மதுரை காஜிமார் தெருப் பக்கத்தில் உள்ள உறவினர் வீட்டிற்குச் சென்ற மாதம் போயிருந்தேன். நிக்காஹ் முடிந்து மூன்று மாதமே ஆன மகள் தாய்வீடு வந்திருந்தாள். அவளுக்கு அனுப்பிய சீர்ப் பொருள்களில் 55 அங்குலத் தொலைக்காட்சிப் பெட்டியும் ஒன்று. "அங்கே கூடம் எட்டடிதான் மாமி. பாயில் உட்கார்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறது" என்றாள் மெதுவாக. அவளுடைய அத்தா தலைகுனிந்தார். அப்பெட்டிக்கு அவர் இன்னும் ஓராண்டு தவணை கட்ட வேண்டும்!

2006-ஆம் ஆண்டு தமிழக அரசு இலவசமாக வழங்கத் தொடங்கிய வண்ணத் தொலைக்காட்சி 14 அங்குல அளவினது. நகரத்துச் சிறு அறைக்கும் மேலூர், திருமங்கலம் பக்கத்துக் கிராம வீட்டிற்கும் ஒரே அளவுதான். அன்று தேர்ந்தெடுக்கும் வேலை நமக்கில்லை. இன்று அந்த வேலை நம்முடையது. ஆனால் நாமோ அறையை அளக்காமல் அடுத்தவர் கண்களை அளக்கிறோம்.

முதலில் ஒன்றை அறிந்துகொள்ளுங்கள். கடைக்காரர் கூறும் அங்குலம் திரையின் அகலமன்று. ஒரு மூலையிலிருந்து எதிர் மூலை வரையுள்ள குறுக்களவு. 32 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 28 அங்குலம். 43 அங்குலத் திரைக்கு மூன்றடிக்குச் சற்று மேல். 55 அங்குலத் திரைக்கு நான்கடி.

அடுத்து, சுவருக்குச் சுவர் அளப்பது போதாது. அமர்பவரின் கண்ணிலிருந்து திரை வரையுள்ள தூரத்தையே அளக்க வேண்டும். அதை அங்குலமாக்கி இரண்டால் வகுத்தால் குடும்பத்திற்கு ஏற்ற அளவு கிடைக்கும். எட்டடிக் கூடத்தில் இருக்கை இரண்டடியை எடுத்துக்கொண்டால் எஞ்சுவது ஆறடி, அதாவது 72 அங்குலம். அதில் பாதி 36. ஆகவே 32 அங்குலம் தாராளம். 43 அங்குலமே மேல் எல்லை. பத்தடிக் கூடத்திற்கு 43 முதல் 50 வரை பொருந்தும்.

பழைய பெட்டியின் படம் 625 கோடுகளால் ஆனது. அருகில் அமர்ந்தால் கோடுகள் தெரியும். இன்றைய உயர்தரத் திரையில் 1080 அல்லது 2160 வரிகள் உள்ளதால் அருகிலிருந்தும் தெளிவாகக் காணலாம். எனினும் சாதாரணத் தர அலைவரிசைகளைப் பெரிய திரையில் கிட்டத்திலிருந்து பார்த்தால் படம் மங்கலாகவே தெரியும்.

திரையின் நடுப்பகுதி கண்ணுக்கு நேராக இருக்கட்டும். நாற்காலியில் அமர்வோருக்குத் தரையிலிருந்து சுமார் மூன்றரை அடி உயரம் போதும். பாயில் அமர்வோருக்கு இன்னும் தாழ்வாக வேண்டும். அலமாரிக்கு மேலே மாட்டுவதால்தான் கழுத்து நோகிறது. சன்னலுக்கு நேரெதிரே வைத்தால் வெயில் திரையில் பட்டுக் கண் கூசும். கூடமே தொழுமிடமாகவும் உள்ள இல்லங்களில் கிப்லாப் பக்கச் சுவரை விட்டுவிடுங்கள்.

சகோதரிகளே! பெண்ணைப் பெற்றவர்களிடம் அங்குலக் கணக்கில் சீர் எதிர்பார்க்காதீர்கள். மாப்பிள்ளை வீட்டாராகிய நாமே முன்வந்து, "எங்கள் கூடம் எட்டடி, பெட்டி வேண்டுமென்றால் அதற்கேற்ப நாங்களே வாங்கிக்கொள்கிறோம்" என்று சொல்லிவிட்டால், ஓர் அத்தாவின் ஓராண்டுத் தவணை மிச்சமாகும், அவர் மகளின் கழுத்துவலியும் தீரும்.