கையில் வந்ததெல்லாம் வருமானமல்ல

பூண்டுலோயா டவுனிலோ தலவாக்கலையிலோ ஹட்டனிலோ சொந்தமாகக் கணினி திருத்தும் கடை வைத்திருப்பவரிடம் வருமான வரி பற்றிப் பேச்செடுத்தால், பெரும்பாலும் இரண்டு பதில்களில் ஒன்று வரும். ‘நமக்கெல்லாம் எதற்கு வரி?’ என்பார். இல்லையென்றால், ‘பேங்க் கணக்கில் ஓடுகிற தொகையைப் பார்த்தால் மாட்டிக்கொள்வேன்’ என்பார். முன்னது அசட்டை, பின்னது அச்சம். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: கடைக்கு வரும் பணத்தையும் நமக்கு மிஞ்சும் பணத்தையும் பிரித்து எழுதும் பழக்கம் நம் தொழிலில் இன்னும் ஊன்றவில்லை. ஒவ்வொரு மதிப்பாண்டும் மார்ச் 31ஆந் திகதி முடிகிறது. அதற்குள் இதைப் பேசிவிட வேண்டும் என்பதால் இந்த இதழின் ஆசிரியர் உரையை முழுக்க இதற்கே ஒதுக்குகிறோம்.

அச்சம் வந்ததற்குக் காரணம் உண்டு. தனிநபர் நிவாரணம், அதாவது வரி விதிக்கப்படாத வருமான அளவு, 2020 ஜனவரியிலிருந்து ஆண்டுக்கு 30 இலட்சம் ரூபாவாக இருந்தது. பொருளாதார நெருக்கடிக்குப் பின், 2023 ஜனவரியில் அதை 12 இலட்சமாகக் குறைத்தார்கள். அதுவரை வரியைப் பற்றி நினைத்தே பார்க்காத சிறு தொழிலாளரும் எல்லைக்குள் வந்தார்கள். அதையடுத்து, 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் டின் (வரி செலுத்துவோர் அடையாள) இலக்கம் எடுக்க வேண்டும் என்ற அறிவிப்பும் வந்தது. இலக்கம் எடுத்தாலே வரி கட்ட வேண்டும் என்று பலரும் பயந்தார்கள். பதிவு வேறு, வரி வேறு. 2025 ஏப்ரல் 1 முதல் நிவாரணம் 18 இலட்சம், அதாவது மாதத்துக்கு ஒன்றரை இலட்சம். அதற்கு மேற்பட்ட முதல் 10 இலட்சத்துக்கு 6 சதவீதம். அடுத்தடுத்த ஐந்தைந்து இலட்சத்துக்கு முறையே 18, 24, 30 சதவீதம். மிகுதிக்கு 36 சதவீதம்.

இந்த 18 இலட்சத்தை எதிலிருந்து கழிக்கிறோம் என்பதில்தான் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள். தோட்டத்து ஆசிரியர் ஒருவர் மெதுவாகிப்போன லெப்டொப் ஒன்றைக் கொண்டுவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டு, விசிறியில் அடைத்திருந்த தூசைத் துடைத்து, 17,000 ரூபா வாங்குகிறோம். எஸ்எஸ்டி கொழும்பிலிருந்து பஸ்ஸில் பார்சலாக வந்தது, விலை 14,000. பஸ்காரருக்கு 300. நம் உழைப்புக்கு நின்றது 2,700 ரூபா. ஆனால் பேங்க் கணக்கில் விழுந்திருப்பதோ 17,000. அந்த வரவை மட்டும் பார்த்துக் கணக்குப் போட்டால், வியாபாரிக்குப் போய்ச் சேர்ந்த பணத்துக்கும் சேர்த்து நாமே வரி கட்டுவோம்.

2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. தொழில் வருமானத்தை ஈட்டுவதற்காக அந்த ஆண்டில் செய்த செலவை, எந்த அளவுக்கு அதற்காகச் செய்தோமோ அந்த அளவுக்குக் கழிக்கலாம். சம்பளத்துக்கு வேலை பார்ப்பவருக்கு இந்த வசதி கிடையாது. தொழிற்சாலை அலுவலகத்தில் கணினிப் பொறுப்பில் இருப்பவர் தன் காசில் ஸ்க்ரூடிரைவர் செட் வாங்கினாலும் சம்பள வருமானத்திலிருந்து அதைக் கழிக்க முடியாது. சுயதொழில் செய்பவருக்குச் சட்டம் தரும் பெரிய உரிமை இது. வாங்கத் தெரியாமல் அதை விட்டுவிடுகிறோம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் கற்பனை, விகிதங்கள் உண்மையானவை. ஒரு கடையின் ஆண்டு வரவு 42 இலட்சம். விற்ற உதிரிப்பாகங்களின் கொள்விலை 14 இலட்சம். கடை வாடகை 2,40,000. உதவியாளரின் சம்பளம் மாதம் 30,000 வீதம், அதற்குரிய ஊழியர் சேமலாப நிதி 12 சதவீதமும் ஊழியர் நம்பிக்கை நிதி 3 சதவீதமும் சேர்த்து 4,14,000. மின்சாரம், இன்டர்நெட், தொலைபேசி 1,10,000. வாடிக்கையாளர் இடங்களுக்குப் போய்வந்த பைக் பெற்றோல் 80,000. மென்பொருள் உரிமமும் சில்லறைக் கருவிகளும் 40,000. உபகரணத் தேய்மானம் 60,000. மொத்தச் செலவு 23,44,000, இலாபம் 18,56,000. நிவாரணம் போக வரிக்குரியது 56,000. வரி 3,360 ரூபா.

இதே கடைக்காரர் உதிரிப்பாகங்களுக்குப் பில் எதையும் வைத்திருக்கவில்லை என்று கொள்வோம். இலாபம் 32,56,000 ஆகிவிடுகிறது, வரி 1,42,080. எந்தச் செலவையும் காட்ட முடியாவிட்டால் வரி 3,90,000. உழைப்பு அதே உழைப்பு, வாடிக்கையாளரும் அவர்களே. 3,360க்கும் 3,90,000க்கும் நடுவில் இருப்பது ஒரு பில் கட்டும் ஒரு கணக்குப் புத்தகமும்தான்.

தேய்மானத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதிகம் குழம்புவது அங்கேதான். மதர்போட் வேலைக்கான ஹொட் எயார் ஸ்டேஷன், நுணுக்குக்காட்டி, சோதனைக்கென்று வைத்திருக்கும் கணினி போன்றவற்றின் விலையை வாங்கிய ஆண்டிலேயே முழுவதும் கழித்துவிட முடியாது. ஐந்து ஆண்டுகளுக்குச் சமமாகப் பிரிக்க வேண்டும். 3 இலட்சத்துக்கு வாங்கிய உபகரணத்துக்கு ஆண்டுக்கு 60,000. வாங்கிய பில்லை முதல் ஆண்டோடு தூக்கிப் போட்டுவிட்டால் மீதி நான்கு ஆண்டுக் கழிவுக்கும் ஆதாரம் இல்லாமல் போகும்.

இருப்புக் கணக்கும் அப்படித்தான். ஆண்டுக்குள் வாங்கிய உதிரிப்பாகம் எல்லாமே அந்த ஆண்டின் செலவாகிவிடாது. மார்ச் 31 அன்று அலுமாரியில் கிடக்கும் ரேம், பவர் சப்ளை, கீபோர்ட், டோனர் எல்லாவற்றையும் எண்ணி, கொள்விலையை எழுதி, அதைக் கழித்தால்தான் விற்ற பொருளின் கொள்விலை தெரியும். அந்த இருப்பு அடுத்த ஆண்டின் தொடக்க இருப்பாகும். உத்தரவாதத்துக்காக இலவசமாக மாற்றிக் கொடுத்த பாகத்தையும் அதே புத்தகத்தில் எழுதுங்கள். அதுவும் தொழில் செலவே.

கடனுக்கான வட்டியையும் நம்மவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. கடைக்குச் சரக்குப் போட வீட்டு நகையைப் பேங்கில் அடகு வைப்பது நம் ஊரில் புதிதல்ல. அந்தப் பணம் தொழிலுக்குத்தான் போனது என்று காட்ட முடிந்தால், அடகுக்குக் கட்டிய வட்டி கழிக்கத்தக்க செலவு. மீட்கும்போது திருப்பிக் கட்டும் முதல் செலவாகாது. அடகுச் சீட்டோடு வட்டி கட்டிய ரசீதையும், அதே வாரத்தில் சரக்கு வாங்கிய பில்லையும் சேர்த்து வையுங்கள்.

கழிக்க முடியாதவற்றையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். வீட்டுச் செலவு, சாப்பாடு, உடுப்பு, வீட்டிலிருந்து கடைக்குப் போய்வரும் பயணம், அபராதம், கட்டிய வருமான வரி ஆகிய எதுவும் தொழில் செலவாகாது. கடையிலிருந்து டன்சினன் தோட்டத்துக்கோ ஷீன் தோட்டத்துக்கோ பிரின்டர் பார்க்கப் போனால் அந்தப் பெற்றோல் தொழில் செலவு. அதே பைக்கில் நுவரெலியாவில் கல்யாணத்துக்குப் போனால் அது நம் சொந்தச் செலவு. வீட்டு முன்னறையிலேயே வேலை செய்பவர் மின்பட்டியலில் தொழிலுக்குரிய பங்கை மட்டும் நியாயமாகப் பிரித்து எழுதலாம். அதை எப்படிப் பிரித்தோம் என்பதையும் எழுதி வைக்க வேண்டும். தொழில் செலவுக்கும் சொந்தச் செலவுக்கும் இடையிலான இந்தக் கோட்டை அழிப்பவர் தனக்கு மட்டுமல்ல, நம் தொழிலின் பெயருக்கும் தீங்கு செய்கிறார்.

இதற்கெல்லாம் பெரிய படிப்பு வேண்டாம். தோட்டத்து வரவுப் பதிவேடான செக்ரோலில் பேர் விழாத நாளுக்குச் சம்பளம் இல்லை என்பது மலையகத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். செலவுக்கும் அதுவே விதி: அன்றைக்கே எழுதாதது இல்லாதது. திகதி, வாடிக்கையாளர், செய்த வேலை, போட்ட பாகமும் அதன் கொள்விலையும், கூலி, ஓடிய தூரம் என்று ஆறு நிரல் போட்ட ஒரு சீ.ஆர். கொப்பி போதும். வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் பில்லிலும் பாகத்தின் விலையையும் கூலியையும் தனித்தனி வரியில் எழுதுங்கள். வெப்பத்தில் அச்சான பில் சில மாதங்களில் வெளுத்துவிடும். வாங்கிய அன்றே படம் பிடித்து வையுங்கள். பதிவேடுகளை ஐந்து ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு திறந்துவிட்டால் பாதிக் குழப்பம் அன்றே தீரும்.

வரி வரும் நிலையில் இருப்பவர்கள் ஓகஸ்ட், நவம்பர், பெப்ரவரி, மே ஆகிய மாதங்களில் 15ஆந் திகதிக்குள் தவணைகளையும், செப்டெம்பர் 30க்குள் மிகுதியையும் கட்ட வேண்டும். வருமான விபரத்திரட்டுக்குக் கடைசி நாள் நவம்பர் 30. மாதம் ஒரு இலட்சத்தைத் தாண்டும் சேவைக் கட்டணத்தில், சேவை பெற்ற நிறுவனம் 5 சதவீதம் பிடித்திருந்தால், அதற்கான சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். அது நீங்கள் ஏற்கெனவே கட்டிய வரி. இறுதிக் கணக்கில் கழிபடும். வெளிநாட்டு வாடிக்கையாளருக்குத் தொலைவிலிருந்து சேவை செய்து, வெளிநாட்டு நாணயத்தை வங்கி வழியாகப் பெறுபவர்களுக்கு 2025 ஏப்ரல் முதல் அந்த வருமானத்துக்கு உச்ச வரிவீதம் 15 சதவீதம். அந்த வரவைத் தனியாக எழுதுங்கள். ஒரு ஆண்டு நட்டம் வந்தால் அதையும் மறைக்காமல் அறிவியுங்கள். தொழில் நட்டத்தை அடுத்த ஆறு ஆண்டுகள்வரை கொண்டுசெல்லலாம்.

நம் பக்கத்துக் கடமை இவ்வளவு. மறுபக்கத்திலும் கேட்க வேண்டியவை உண்டு. பில் கேட்டால் விலை கூடும் என்று சொல்லும் மொத்த வியாபாரிகளிடம் நாம் சேர்ந்து நின்று பில் கேட்க வேண்டும். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவிலோ கண்டியிலோ வாங்கும் ஒவ்வொரு பாகத்துக்கும் நம் கடைப் பெயரில் பில் வேண்டும். தனியாள் கேட்டால் வேறு கடை பார்க்கச் சொல்வார்கள். நாம் எல்லோரும் கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

உள்நாட்டு இறைவரித் திணைக்களத்திடம் நம் கோரிக்கை இரண்டு. ஒன்று, விபரத்திரட்டுக் காலத்தில் ஹட்டனிலும் தலவாக்கலையிலும் பூண்டுலோயாவிலும் தமிழில் நடமாடும் சேவை. தமிழ் இந்நாட்டின் அரசகரும மொழிகளில் ஒன்று. வரி கேட்கும் அரசு அதைத் தமிழில் விளக்கவும் கடமைப்பட்டது. இரண்டு, சிறு தொழிலாளருக்கு எளிமையான கணக்கு முறை. இந்தியாவில் சிறு வணிகர்கள் விற்றுவரவில் 8 சதவீதத்தை, வங்கி வழி வந்த வரவானால் 6 சதவீதத்தை, இலாபமாகக் காட்டி விரிவான கணக்கேடு இல்லாமலே வரி கட்ட வழி இருந்துவருகிறது. பிரித்தானியாவில் சுயதொழிலாளர் வாகனச் செலவை மைலுக்கு இவ்வளவு என்ற நிலையான தொகையில் கழிக்கலாம். மலைப்பாதையில் நாள் முழுக்க பைக் ஓட்டும் நமக்கும் அப்படியொரு ஏற்பாடு நியாயமானதே.

ஆனால் அந்த ஏற்பாடு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒழுங்கான கணக்கு வரியைக் குறைப்பதோடு நிற்பதில்லை. வங்கியில் தொழில்கடன் கேட்கும்போதும், பாடசாலைக் கணினிக் கூடத்தின் பராமரிப்புக்கு விலைமனு கொடுக்கும்போதும், மூன்று ஆண்டு இலாபக் கணக்கை எடுத்து வைப்பவருக்குத்தான் பேச இடம் கிடைக்கும். அடுத்த இதழுடன் ஆறு நிரல் நாட்கணக்குப் பக்கம் ஒன்றையும், இருப்பெடுப்புப் பட்டியல் ஒன்றையும் இணைத்துத் தருகிறோம். படியெடுத்துக்கொள்ளுங்கள், பக்கத்துக் கடைக்காரருக்கும் ஒன்று கொடுங்கள்.