உடும்புக்கு வேண்டியது இரண்டடி மண்

வளர்ப்பு உடும்பு என்ற பெயருக்குள் இரண்டு வேறு விலங்குகள் இருக்கின்றன. ஒன்று, புதுச்சேரியைச் சுற்றியுள்ள ஏரிக்கரைகளிலும் முந்திரித் தோப்புகளிலும் செம்மண் ஓடைகளிலும் திரியும் உள்ளூர் உடும்பு. 1802-இல் இதற்கு அறிவியல் பெயரிட்டவர் தோதான் என்ற பிரெஞ்சு விலங்கியலாளர். மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை ஐந்தடிக்கு மேலும் வளரக்கூடியது. இந்தியாவின் நான்கு உடும்பினங்களும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. அவற்றைப் பிடித்தாலோ விற்றாலோ வீட்டில் வைத்திருந்தாலோ மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். கஞ்சிராவுக்கு உடும்புத்தோல் போர்த்தும் பழைய வழக்கத்தால்கூட இந்தச் சட்டத்தின் முன் நிற்க முடியவில்லை. எனவே உள்ளூர் உடும்பை வளர்ப்பது பற்றி மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

மற்றொன்று சவன்னா உடும்பு. கானா, டோகோ, பெனின் ஆகிய மேற்கு ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து குஞ்சாக ஏற்றுமதியாகி உலகின் வளர்ப்புப் பிராணிச் சந்தைக்கு வருவது. உள்ளங்கையில் அடங்கும் அளவில் விற்கப்படும் இது சில ஆண்டுகளில் மூன்றடியைத் தாண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம் இத்தகைய அயல்நாட்டு இனங்களையும் அட்டவணைக்குள் கொண்டுவந்தது. 2024 பிப்ரவரியில் வெளியான விதிகளின்படி, வைத்திருப்பவர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். யாரிடம் இருக்கிறது, எப்போது பிறந்தது, இறந்தது, யாருக்குக் கைமாறியது என்பவையே இவ்விதிகளின் மையம். தீனியும் இருப்பிடமும் பெரும்பாலும் வளர்ப்பவரின் மனச்சாட்சிக்கே விடப்பட்டிருக்கின்றன. கோளாறு தொடங்கும் இடமும் அதுதான்.

இருப்பிடத்திலிருந்து தொடங்கலாம். சவன்னா உடும்பு வளை தோண்டி வாழும் விலங்கு. வெயிலிலிருந்தும் வறட்சியிலிருந்தும் அது தப்புவது மண்ணுக்கடியில்தான். வளர்ந்த உடும்பு ஒன்றுக்கு எட்டடி நீளம், நான்கடி அகலம், நான்கடி உயரம் கொண்ட கூண்டும், அதற்குள் தோண்டினால் சரியாத ஈர மண் இரண்டடி ஆழத்துக்கும் வேண்டும் என்பது அனுபவமுள்ள வளர்ப்பாளர்கள் கூறும் குறைந்தபட்ச அளவு. கேட்பதற்கு எளிது, கணக்குப் போட்டால் வேறு கதை. 64 கன அடி ஈர மண்ணின் எடை ஏறத்தாழ இரண்டரை டன். வீட்டுத் தளங்களுக்கு ஐ.எஸ். 875 தரநிலை கணக்கில் கொள்ளும் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. கூண்டு அடைக்கும் மூன்று சதுர மீட்டரில் அது 600 கிலோவைத் தாண்டாது. அடுக்குமாடிக் குடியிருப்பின் கான்கிரீட் தளமே இதைத் தாங்க வேண்டியதில்லை என்னும்போது, மர உத்தரங்களின்மேல் மெட்ராஸ் டெரஸ் போட்ட பழைய புதுச்சேரி வீட்டின் மாடியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தரைத்தளமும் பின்கட்டும் உள்ளவர்களுக்கே சாத்தியமான காரியம் இது. நடைமுறையில் பெரும்பாலான உடும்புகளுக்குக் கிடைப்பதோ ஒரு கண்ணாடித் தொட்டியும் அதன் அடியில் செய்தித்தாளும்தான்.

மண் இல்லாவிட்டால் வெப்பக் கணக்கும் கெட்டுப்போகும். உடும்பு தன் உடற்சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்வதில்லை. செரிமானத்துக்கு வெளிச்சூடு வேண்டும். விளக்கின் கீழே அது குளிர்காயும் பரப்பு 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். கூண்டின் மறுமுனை 28 டிகிரியைத் தாண்டக் கூடாது. குளிர் நாடுகளில் சிக்கல் முதல் பாதியில். மே மாதப் புதுச்சேரியில் அறையே 35 டிகிரிக்கு மேல் இருக்கையில் சிக்கல் இரண்டாம் பாதியில். விளக்கையும் ஏற்றினால் தொட்டி அடுப்பாகிவிடும். அணைத்தாலோ தின்றது செரிக்காது. இரண்டடி ஆழத்து ஈர மண் ஒன்றே இந்த முரணைத் தீர்க்கிறது. குளிர்சாதனம் தீர்க்காது, ஏனெனில் அது காற்றை உலர்த்துகிறது. உலர்ந்த காற்றில் உடும்பு ஒவ்வொரு மூச்சிலும் நீரை இழக்கும். சன்னல் கண்ணாடி வழியே விழும் வெயிலாலும் பயனில்லை. எலும்புக்குத் தேவையான புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடுகிறது.

உடும்புப்பிடி என்று தமிழ் சொல்வது சும்மா அல்ல. அந்த நகங்களுக்குக் கம்பிவலை கிழியும், தளர்ந்த மூடி திறந்துகொள்ளும். கூண்டின் கதவுக்குத் தாழ்ப்பாள் போதாது, பூட்டு வேண்டும்.

இனி தீனி. உடும்பு என்றாலே மாமிசம் என்ற எண்ணம் வளர்ப்பவர்களிடம் ஊறிப்போயிருக்கிறது. சந்தையில் எளிதாகக் கிடைக்கும் வெள்ளை எலியும் கோழி இறைச்சித் துண்டும் அதன் தட்டுக்கு வருவது அப்படித்தான். கானாவில் உடும்பு ஆய்வாளர் டேனியல் பென்னெட் செய்த கள ஆய்வுகள் காட்டியது வேறு. சவன்னா உடும்பின் உணவில் பெரும்பங்கு முதுகெலும்பற்ற உயிர்கள்: மரவட்டை, வண்டு, வெட்டுக்கிளி, சுவர்க்கோழி, தேள். உள்ளூர் உடும்பும் பெரிதும் வண்டுகளையும் புழுக்களையும் நம்பியே வாழ்கிறது. நண்டு, நத்தை, தவளை, முட்டை கிடைத்தால் விடாது. நாள் முழுவதும் மண்ணைக் கிளறி, ஒவ்வொரு பூச்சியாகத் தேடித் தின்னும் உடல் அது. வாரம் மூன்று கொழுத்த எலியை ஒரே இடத்தில் படுத்தபடி விழுங்கும்போது அந்தக் கொழுப்பு போவதற்கு இடமில்லை. காட்டில் சேர்த்த கொழுப்பை வறட்சிக் காலப் பட்டினி கரைத்துவிடுகிறது. கூண்டில் பட்டினிக் காலமே வருவதில்லை. வயிறு தரையில் உரசுமளவு பருத்து, கல்லீரல் கொழுப்படைந்து, மெல்லச் சாகிறது. நீர்ச்சத்தும் குறைந்திருந்தால் யூரிக் அமிலம் மூட்டுகளிலும் சிறுநீரகத்திலும் படிகமாகப் படியும்; மனிதர்களுக்கு வரும் கீல்வாதத்தின் கொடிய வடிவம் அது.

எலும்பில்லாத இறைச்சி மட்டும் கொடுப்பது இன்னொரு வகைக் கேடு. அதில் பாஸ்பரஸ் கால்சியத்தைவிடப் பல மடங்கு அதிகம். ஈடுகட்ட உடல் தன் எலும்பையே கரைக்கத் தொடங்கும். தாடை ரப்பர்போல் மென்மையாகும், கால்கள் வளையும். நத்தையையும் நண்டையும் முழுதாகக் கொடுத்து, பூச்சிகளின்மேல் கால்சியம் தூள் தூவினால் இது வராது. குஞ்சுக்குத் தினமும், வளர்ந்ததற்கு வாரத்தில் மூன்று நான்கு முறையும் தீனி வேண்டும். சிரமம் என்னவென்றால், வாரத்துக்கு நூற்றுக்கணக்கில் சுவர்க்கோழியும் கரப்பானும் தேவைப்படும். உடும்பு வளர்க்க முதலில் பூச்சி வளர்க்க வேண்டியிருக்கும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் 1976-இல் தொடங்கிய சென்னை முதலைப் பண்ணையைப் போன்ற இடங்களால் உடும்புகளைப் பேண முடிவதற்குக் காரணம் திறந்த மண்ணும் முழுநேரப் பணியாளர்களும். அங்கீகாரம் பெற்ற விலங்குக் காட்சிச்சாலையின் கூண்டளவையும் பராமரிப்பையும் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் சோதிக்கும். அதே வகை விலங்கு ஒரு வீட்டுக்குள் போனதும் அந்தச் சோதனை நின்றுவிடுகிறது. இது விதிகளின் வெளிப்படையான ஓட்டை. பதிவுச் சான்றோடு கூண்டின் அளவையும் மண்ணின் ஆழத்தையும் படத்துடன் கேட்டால் அரசுக்குப் பெரிய செலவில்லை. பதிவு செய்ய வருவோர் பாதியாகக் குறைந்தாலும் இழப்பில்லை.

பராமரிக்க முடியாதவர்கள் இரவோடிரவாக ஏரிக்கரையில் விட்டுவிடுவது மற்றோர் ஆபத்து. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் கேப் கோரல் நகரில் 1990 வாக்கில் தென்படத் தொடங்கிய நைல் உடும்புகள் வளர்ப்புச் சந்தையிலிருந்து தப்பியவை அல்லது விடப்பட்டவை. அவை அங்கேயே பெருகி, வளைகளில் வாழும் ஆந்தைகளுக்கு அச்சுறுத்தலாகியுள்ளன. புதுச்சேரிக்கு அருகிலுள்ள ஊசுட்டேரி 2008 முதல் பறவைகள் சரணாலயம். தரையில் முட்டையிடும் பறவைகளும் உள்ளூர் உடும்புகளும் அந்தக் கரைகளைப் பகிர்ந்துகொள்கின்றன. அயல் உடும்பைக் கைவிட நினைப்பவர், பதிவு செய்திருந்தால் விதிகளின்படி இன்னொருவருக்குக் கைமாற்றலாம். இல்லையெனில் வனத்துறையிடம் ஒப்படைக்க வேண்டும்.